முதலில் கை, பிறகு மெஷின்

வீட்டிலேயே பிரெட் சுடுகிறேன் என்று தெரிந்ததும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, “பிரெட் மெஷின் வாங்கலாமா, கையால் பிசைவது நல்லதா?” என்பதுதான். பதில் சொல்ல நான் ஜப்பானுக்குப் போக வேண்டியிருக்கிறது.

1985-ம் வருடம், ஒசாகா. இன்று பானசோனிக் என்று நாம் அறிந்திருக்கும் மட்சுஷிதா எலக்ட்ரிக் நிறுவனம், வீடுகளுக்கான பிரெட் மெஷின் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. மாவு பிசைகிற வேலை மட்டும் மெஷினுக்குப் பிடிபடவில்லை. பிரெட்டின் மேல்பகுதி கருகியது, உள்ளே வேகவில்லை. மெஷின் பிசைந்த மாவையும் கைதேர்ந்த பேக்கர் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்துக்கூட ஒப்பிட்டார்கள். பலன் இல்லை. அந்தக் குழுவில் மென்பொருள் வேலை பார்த்த இகுகோ தனாகா என்ற பெண் ஒரு வழி சொன்னார். ஒசாகாவில் நல்ல பிரெட்டுக்குப் பேர்போன ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை பேக்கரிடம் வேலை கற்றுக்கொள்ளலாம் என்றார். தானே போய்க் கற்கவும் செய்தார்.

அந்த பேக்கர் மாவை இழுப்பதோடு நிறுத்தவில்லை, இழுக்கும்போதே முறுக்கினார். தனாகா அதைக் கவனித்தார். அந்த முறுக்கலை மெஷினுக்குள் கொண்டுவர, மாவு சுழலும் பாத்திரத்தின் உட்பக்கத்தில் மேடான வரிகளை அமைத்தார்கள். ஏறத்தாழ ஒரு வருட முயற்சிக்குப் பிறகு மெஷின் சரியாகப் பிசைந்தது. 1987-ல் கடைக்கு வந்து நன்றாக விற்றது. நிர்வாகவியல் அறிஞர் இகுஜிரோ நொனாகா 1991-ல் எழுதிய கட்டுரையால் உலகம் முழுக்கத் தெரியவந்த கதை இது.

கையா மெஷினா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துபவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். மெஷினுக்குப் பிசையக் கற்றுக்கொடுத்ததே ஒரு கைதான்.

பிசையும்போது என்ன நடக்கிறது? கோதுமையில் குளூட்டனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் இவை ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் ஆகின்றன. பிசையப் பிசைய அந்தப் பிணைப்பு வலுப்படுகிறது. பரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கிழியாமல் மெல்லிய துணியாக விரிகிறதே, அது குளூட்டனின் வேலை. பிரெட்டில் ஈஸ்ட், மாவின் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ள குளூட்டன் வலுவாக இருந்தால்தான் மாவு உப்பும்.

முதல் முறை செய்பவர்களுக்கு நான் சொல்லும் அளவு: மைதா 300 கிராம், தண்ணீர் 180 மில்லி, உப்பு 6 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், சர்க்கரை ஒரு டீஸ்பூன், எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். கலந்ததும் இருபது நிமிடம் மூடி வையுங்கள். அதற்குள் மாவு தண்ணீரை முழுக்கக் குடித்துவிடும், பிசைவது எளிதாகும். பிறகு பத்து நிமிடம் உள்ளங்கையால் தள்ளி, மடித்து, திருப்பிப் பிசையுங்கள். தொடக்கத்தில் கையில் ஒட்டும். அதற்காக மேலும் மேலும் மாவு தூவ வேண்டாம். தூவினால் பிரெட் வறண்டுபோகும். கொஞ்ச நேரத்தில் ஒட்டுவது தானாக நிற்கும். ஒரு துண்டைக் கிள்ளி விரல்களால் மெதுவாக விரித்துப் பாருங்கள். மறுபக்கத்து வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிதாகியும் கிழியாவிட்டால் பிசைந்தது போதும். இரண்டு மடங்காக உப்பியதும் அழுத்தி, உருட்டி, டின்னில் வைத்து, மறுபடி உப்பவிட்டு, 200 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் சுடுங்கள். வீட்டில் ஆட்டா மட்டும்தான் என்றால் பாதி ஆட்டா, பாதி மைதாவில் தொடங்குங்கள். ஆட்டாவில் இருக்கும் தவிடு குளூட்டன் பிணைப்பை அறுக்கும். பிரெட் அவ்வளவு உப்பாது. தவிடு தண்ணீரையும் கூடுதலாக உறிஞ்சும்.

கை வலி உள்ளவர்களுக்கும் வழி இருக்கிறது. நியூயார்க் பேக்கர் ஜிம் லேஹி, ஈஸ்ட்டை மிகக் குறைத்து, தண்ணீரைக் கூட்டி, மாவைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே விட்டுவிடுவார். பிசைவதே இல்லை. 2006-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ அதை வெளியிட்ட பிறகு வீட்டுச் சமையலறைகளில் அது வேகமாகப் பரவியது. பிசைவதால் கிடைக்கும் வலுவை அங்கே நேரம் தருகிறது.

தொழிற்சாலை பிரெட் அந்த நேரத்தைத்தான் வெட்டுகிறது. 1961-ல் இங்கிலாந்தின் சோர்லிவுட்டில் உருவான முறை, அதிவேகமாகப் பிசைந்து, மாவு ஊறிப் புளிக்கும் நேரத்தைப் பெருமளவு குறைத்தது. வேகத்துக்காகச் சில பொருட்களையும் சேர்க்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் பிரெட் மாவில் சேர்க்கப்பட்ட பொட்டாசியம் புரோமேட்டை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல்தான் தடை செய்தது. வீட்டு பிரெட்டில் என்ன இருக்கிறது என்பதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மெஷினுக்கு வருவோம். தண்ணீர், மாவு, உப்பு, ஈஸ்ட் போட்டு பொத்தானை அழுத்தினால் பிசைந்து, உப்பவைத்து, சுட்டு மூன்று நான்கு மணி நேரத்தில் தந்துவிடும். இரவில் டைமர் வைத்தால் காலையில் சூடான பிரெட். வேலைக்குப் போகிறவர்களுக்கும், வயதானவர்களுக்கும், மூட்டுவலிக்காரர்களுக்கும் இது பெரிய உதவி. நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால், மெஷின் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்கிறது; மாவைப் பார்த்து அல்ல. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மாவு குறித்த நேரத்துக்கு முன்பே உப்பிவிடும். மெஷின் காத்திருக்கும், மாவு காத்திருக்காது, உச்சிக்குப் போய் அமுங்கிவிடும். அப்போது ஈஸ்ட்டைக் குறைத்து, குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டும். மாவின் ரகம் மாறினால் தண்ணீரின் அளவும் மாறும். டைமர் வைக்கும்போது பால் சேர்க்கக் கூடாது, தண்ணீரும் ஈஸ்ட்டும் முன்கூட்டிச் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மெஷின் பிசைந்துகொண்டிருக்கும்போது மூடியைத் திறந்து, விரலால் தொட்டு, ஒரு ஸ்பூன் தண்ணீர் வேண்டுமா, ஒரு ஸ்பூன் மாவு வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான். கையால் பிசைந்து பழகாதவருக்கு அந்த விரல் எதையும் சொல்லாது.

எனவே என் பதில் இதுதான்: மெஷின் வாங்குங்கள், ஆனால் முதலில் அல்ல. சில வாரங்கள் கையால் பிசைந்து, சரியான மாவு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அதன் பிறகு எந்த மெஷினும் உங்கள் சொல் கேட்கும். இந்த வாரக் கடைசியில் ஒரு சிறிய பாக்கெட் ஈஸ்ட் வாங்குங்கள், அது போதும்.