மெத்தையும் முக்காலியும்

சென்னைத் தியாகராய நகரில், கடைத்தெருவின் இரைச்சல் எட்டும் தொலைவிலேயே நட்சத்திர விடுதிகள் நிமிர்ந்து நிற்கின்றன. வாயிலில் வணக்கம், உள்ளே குளிர்காற்று, மாடியறையில் மேகம் போன்ற மெத்தை. திருமணத்திற்குப் பட்டும் நகையும் வாங்க வெளியூரிலிருந்து வரும் வசதி படைத்தோர், பகலெல்லாம் கடை கடையாக ஏறி இறங்கி, கால் கடுத்து, மாலையில் அங்கே வந்து சாய்கின்றனர். சாயட்டும்! தேடிய பொருளில் ஒருவர் ஓரிரவு சுகமாக உறங்குவதைக் கண்டு பொருமுவது நம் வேலையல்ல. நாம் கேட்பது வேறு. அவருக்குப் பட்டை விரித்துக் காட்டிய பெண்ணின் கால் கடுக்கவில்லையா? நாலு மணிநேரம் நடந்தவருக்கு மெத்தை. நாளெல்லாம் நின்றவளுக்கு ஒரு முக்காலியேனும் உண்டா?

அவ்விடுதிகளின் ஒழுங்கைச் சற்றே உற்றுநோக்குங்கள், தோழர்களே! பல நகரங்களில் ஒரே பெயரில் கிளை பரப்பிய பெருங்குழுமங்கள் அவை. கட்டிடம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்ற ஏற்பாடும் அத்தொழிலில் உண்டு. ஆயினும் தலையணை எத்தனை, துண்டை எப்படி மடிப்பது என்பதற்கெல்லாம் எழுதிவைத்த விதி இருக்கிறது. அவ்விதி நடக்கிறதா என்று பார்க்க மேற்பார்வையாளர் இருக்கிறார். விரிப்பிலே ஒரு சுருக்கம் விழுந்தால் போதும், கேள்வி பிறக்கும்!

அரசின் விதியும் அங்கே தவறுவதில்லை. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால், சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. 10,000 ரூபாய் அறைக்கு 1,800 ரூபாய் வரி. ரசீதிலேயே அச்சாகி வருகிறது. ஒரு காசும் குறையாமல் கட்டிவிட்டுத்தான் விருந்தினர் வெளியேறுகிறார். விதி என்றால் நடந்தே தீரும், பணம் கேட்கும் விதியானால்!

அதே வட்டாரத்திற்கு இன்னொரு விதியும் உண்டு. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, 22-அ என்னும் புதிய பிரிவைச் சேர்க்கும் மசோதா 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றத்தில் வந்தது, நிறைவேறியது. வேலைக்கிடையே உட்கார வாய்ப்பு நேரும்போதெல்லாம் உட்காரும்படி, ஊழியர் அனைவருக்கும் தக்க இருக்கை வசதி செய்து தரவேண்டும் என்பது அப்பிரிவின் சாரம். இதற்கு முன்னோடி கேரளம். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் தொழில் செய்த விஜி என்னும் பெண்மணி, கடைப் பெண்களைத் திரட்டினார்; கழிப்பிடம் கேட்டார்; உட்காரும் உரிமை கேட்டார். ஏளனம் செய்தோர் உண்டு. எனினும் 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. உரிமை வானிலிருந்து விழவில்லை, தெருவிலிருந்து எழுந்தது.

தியாகராய நகரில் அந்த முக்காலி எங்கே? போட்டுக் கொடுத்த முதலாளிகளும் உண்டு, அவர்களைப் பாராட்டுவோம். ஆனால் பண்டிகைக் காலத்து மாலை வேளையில் உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெருவிலும் நுழைந்து பாருங்கள். நிற்போர் வரிசை தானே கண்ணில் படும், முக்காலியைத் தேடவேண்டியிருக்கும். இத்தெருவின் துயரத்தை வசந்தபாலன் 2010இல் ‘அங்காடித் தெரு’ என்று படமாக்கினார். நாடு கண்ணீர் வடித்தது. கண்ணீர் காய்ந்துவிட்டது, கால்கள் மட்டும் நின்றுகொண்டே இருக்கின்றன. நாள்தோறும் மணிக்கணக்கில் நின்றால் பாதம் வீங்கும், காலில் நரம்பு சுருளும், இடுப்பு வலிக்கும் என்பதை எந்த மருத்துவரும் சொல்வார்.

“வாடிக்கையாளர் முன் உட்கார்ந்திருப்பது மரியாதையல்லவே” என்பர் சிலர். அப்படியா? வங்கியில் காசாளர் உட்கார்ந்துதானே பணம் தருகிறார்? மருத்துவர் உட்கார்ந்துதானே நாடி பார்க்கிறார்? அதே கடையின் கல்லாவில் முதலாளி உட்கார்ந்துதானே காசு எண்ணுகிறார்? அங்கெல்லாம் கெடாத மரியாதை, மாதச் சம்பளத்துக்கு நிற்கும் ஏழைப் பெண் ஐந்து நிமிடம் அமர்ந்தால் மட்டும் கெட்டுவிடுமோ! வாடிக்கையாளர் வந்தபின்பும் உட்கார்ந்தே இரு என்று சட்டம் சொல்லவில்லை. வராதபோதாவது உட்காரவிடு என்கிறது. அவ்வளவே.

பாண்டி பஜாருக்கு முறையான பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. யார் அந்தச் சௌந்தரபாண்டியனார்? இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டவர். “உனக்கு இங்கே இடமில்லை” என்று சொன்ன காலத்தில், இடம் உண்டு என்று சட்டத்தின் துணைகொண்டு நிலைநாட்டியவர். அவர் வெறும் உபதேசம் செய்யவில்லை. உரிமத்தின்மேல் கை வைத்தார். அதனால்தான் கதவு திறந்தது. அந்தப் பெருமகன் பெயர் தாங்கிய அங்காடியில் உழைப்பவருக்கு இருக்கை மறுக்கப்படுமானால், பெயர்ப்பலகை எதற்கு?

ஆகவே செய்யவேண்டியது தெளிவு. ஆட்சியில் எவர் இருப்பினும், வரிக்குக் காட்டும் விழிப்பை முக்காலிக்கும் காட்டவேண்டும். தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் கடைகளுக்குள் சென்று பார்க்கவேண்டும். கண்டதை ஊரறிய வெளியிடவேண்டும். தொழிற்சங்கத் தோழர்கள் கடை ஊழியரைத் திரட்டவேண்டும். தனியாகக் கேட்பவளின் வேலை போகும், சேர்ந்து கேட்டால் முக்காலி வரும். துணியெடுக்கச் செல்லும் நம் குடும்பத்தார் ஒவ்வொருவரும், “அம்மா, உட்கார உங்களுக்கு இடம் இருக்கிறதா?” என்று முதலாளியின் காதில் விழும்படி கேட்கட்டும். விடுதியில் தங்குவோரும், வரவேற்பு மேசைக்குப் பின்னே நிற்கும் பெண்ணைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கலாம். மனிதக் கால் எங்கும் ஒன்றுதான்.

மெத்தையை எவரிடமிருந்தும் பறிக்கச் சொல்லவில்லை நாம். முக்காலியைப் போடச் சொல்கிறோம். சட்டம் தந்துவிட்டதைத் தெருவும் தரட்டும்!