விறகு விலைக்கு வாகையைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: "எங்கள் வாழைத் தோட்டத்து ஓரம் நின்ற பழைய வாகை மரம் மழையில் சாய்ந்துவிட்டது. வியாபாரி விறகுக் கணக்கில் டன்னுக்கு விலை சொல்கிறார். வாடகைக்கு செயின் சா எடுத்து நாமே பலகையாக அறுத்துக்கொள்ளலாம் என்கிறான் தம்பி. செய்யலாமா?"
- வாசகர் ஒருவர், சேரன்மகாதேவி.

விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். தம்பியையும் இன்றைக்கே மெஷினைத் தூக்க விடாதீர்கள்.

முதலில் மரம் யாருடையது என்று பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இதே கேள்வியோடு என்னிடம் வந்தவர்களில் சிலருடைய மரம், அளந்து பார்த்தால் கன்னடியன் கால்வாய்க் கரையில் நின்றது. தாத்தா நட்டதாகவே இருந்தாலும் அது அரசு மரம், கை வைக்கக் கூடாது. பட்டா நிலம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் அதற்கு ஒரு சான்று வாங்கிக்கொண்டு, வனச்சரக அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள். சந்தனம், ஈட்டி என்றால் அனுமதியின்றித் தொடவே கூடாது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். அறுவை மில்லில் சீட்டு கேட்டால் கோபப்படாதீர்கள். கூடலூர்க் காடுகளைப் பற்றித் தொடங்கிய கோதவர்மன் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு அவர்களுக்கும் கெடுபிடி அதிகம்.

அடுத்து நாடாவை எடுங்கள். சுற்றளவை அங்குலத்தில் அளந்து நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. 60 அங்குலச் சுற்றளவும் 8 அடி நீளமும் உள்ள தடி 12.5 கன அடி. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மரக்கடையில் வாகைக்குக் கன அடி என்ன விலை என்று கேளுங்கள். டன் விலை சொன்னவரிடம் அதன் பிறகு பேசலாம்.

தடியை டிராக்டரில் ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோக வழி இருந்தால் மில்லுக்கே போங்கள். மில் ரம்பம் மெல்லியது. செயின் சா ஒவ்வொரு அறுப்புக்கும் கிட்டத்தட்ட முக்கால் விரற்கடை, அதாவது ஒரு சென்டிமீட்டர் வரை மரத்தைத் தூளாக்கிவிடும். மேலே சொன்ன தடியின் குறுக்களவு சுமார் 19 அங்குலம். இரண்டு அங்குலப் பலகையாக அறுத்தால் ஆறு கிடைக்கும். ஒரு பலகைக்கு உண்டான மரம் தூளாகவே போய்விடும். வண்டி போக வழியில்லாமல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கிடக்கும் தடிக்குத்தான் செயின் சா லாபம்.

அறுப்பதென்று முடிவானால், கையால் பிடித்து நேராக அறுக்க முடியும் என்று நம்பாதீர்கள். ரம்பத்தின் பாரில் மாட்டும் இரும்புச் சட்டம் தனியாகக் கிடைக்கிறது. முதல் அறுப்புக்குத் தடியின் மேல் ஒரு நேரான பலகையையோ அலுமினிய ஏணியையோ ஆணியடித்து, அதன்மேல் சட்டத்தை ஓட்ட வேண்டும். அடுத்த அறுப்புகளுக்கு அறுத்த முகமே வழிகாட்டி. சட்டம் பாரில் நாலு அங்குலத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் 19 அங்குலத் தடிக்கு 24 அங்குல பார் வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் 22 அங்குலம் போதாது. சங்கிலிப் பல்லை வழக்கமாக 30 டிகிரியில் அரம் போடுவார்கள். நீளவாக்கில் அறுக்க அது 10 டிகிரிக்கு வர வேண்டும். அறுத்த வாயில் ஆப்பு வைத்துக்கொண்டே போனால் ரம்பம் இறுகாது.

இரண்டு வருஷம் முன்பு எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், லுங்கியும் ரப்பர் செருப்புமாக இந்த வேலையில் இறங்கினான். பார் நுனி அடுத்த தடியில் பட்டு ரம்பம் எகிறியது. முழங்காலுக்கு மேலே பதினாலு தையல். பேன்ட், பூட்ஸ், கண்ணாடி, காதடைப்பான் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். வாகைத் தூள் தும்மலைக் கிளப்பும், மூக்கில் துணி கட்டுங்கள். தனியாளாக வேண்டாம். பழைய வேலிக் கம்பியும் ஆணியும் உள்ளே புதைந்திருக்கும், பட்டையைத் தட்டிப் பாருங்கள்.

அறுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் பாதி மரம் பாழாகிறது. என் வீட்டு மாமரத் தடியை, பிசானம் அறுவடை முடியட்டும் என்று மண்ணிலேயே போட்டு வைத்தேன். நாலு மாதத்தில் கறுத்து, வண்டு துளைத்துவிட்டது. வாகையிலும் வெளிப்பக்க வெள்ளையை வண்டு விடாது, உள்ளே இருக்கும் பழுப்பு வைரம் தாங்கும். 10 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் போராக்ஸ், 200 கிராம் போரிக் அமிலம் கலந்து, ஈரப் பலகையின் எல்லாப் பக்கமும் தூரிகையால் இரண்டு முறை பூசுங்கள். மழையில் நனைந்தால் அது கரைந்துவிடும். இரண்டு முனைகளிலும் பெயின்டோ உருக்கிய மெழுகோ தடவினால் பிளவு குறையும். மரத்தின் நட்டநடு வரும் பலகை எப்படியும் பிளக்கும், அதை இரண்டாகக் கிழித்துவிடுங்கள்.

பலகைகளைத் தரையில் படாமல் கட்டை மேல் அடுக்கி, இடையில் ஒரு அங்குல ரீப்பரை ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக இரண்டு அடிக்கு ஒன்று வையுங்கள். மேலே கனமான கல். ஆனி, ஆடிக் காற்று நேரே அடிக்கும் இடம் வேண்டாம், வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்று பலகை வெடிக்கும். எப்போது காய்ந்தது என்று தெரிய, அதே மரத்தில் ஒரு சிறு துண்டைக் கூடவே வைத்து மாதம் ஒருமுறை மளிகைக்கடைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். எடை குறைவது நின்ற பிறகே ஆசாரியைக் கூப்பிடுங்கள். இரண்டு அங்குலப் பலகைக்கு ஒரு வருஷமாவது பொறுக்க வேண்டும்.

கிளைகளை மட்டும் வியாபாரி கேட்ட டன் விலைக்கே கொடுங்கள், அறுவைக் கூலிக்கு ஆகும். தூளைத் தொழுவத்தில் கொட்டாதீர்கள், சங்கிலி எண்ணெய் கலந்திருக்கும்.