மானிட்டர் செத்துப்போச்சாம்!

மானிட்டர்ல படம் வரலைன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போனா, மூடியைக் கூடத் திறக்காம ஒரே பதில்தான்: "போர்டு போயிடுச்சு தம்பி, புதுசு வாங்கிடுங்க." நாடி பிடிச்சுப் பார்க்காமலே மரணச் சான்றிதழ் எழுதற டாக்டரை என்ன சொல்வீங்க?

முதல்ல, கெட்டது மானிட்டர்தானா? கம்ப்யூட்டர் கேபிளைக் கழற்றிட்டு மானிட்டரை மட்டும் ஆன் பண்ணுங்க. 'நோ சிக்னல்'னு எழுத்து வந்தா திரை உயிரோடதான் இருக்கு. கேபிள், சரியா உட்காராத ராம், கிராபிக்ஸ் கார்டுன்னு சந்தேகத்தை அந்தப் பக்கம் திருப்புங்க. தனி கார்டு போட்ட மெஷின்ல, மதர்போர்டு பக்கம் கேபிளைச் சொருகிட்டுப் புலம்பறவங்களும் உண்டு :-)

எழுத்தே வரலையா? கேபிளை மாட்டி, இருட்டுல திரை மேல டார்ச் அடிங்க. மங்கலா படம் தெரிஞ்சா பேனல் நல்லா இருக்கு, பின்விளக்குப் பகுதிதான் அவுட்.

ஆன் பண்ணி ரெண்டு செகண்ட்ல அணைஞ்சுட்டா, பவர் சப்ளைல இருக்கற கெபாசிட்டரைச் சந்தேகப்படலாம். 2000-களின் தொடக்கத்துல தரமில்லாத எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் எக்கச்சக்கமான மதர்போர்டுகளைக் காவு வாங்கிச்சு. தட்டையா இருக்க வேண்டிய தலை உப்பியிருக்கும், அதான் அடையாளம். எங்க வீட்டு மானிட்டர்லயும் ரெண்டு உப்பியிருந்தது. சில ரூபாய் சமாச்சாரம், சால்டரிங் தெரிஞ்ச ஒருத்தர் மாத்திக் கொடுத்தார். (நீங்களா திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும். பழைய பிக்சர் டியூப் மானிட்டர்ல ஆயிரக்கணக்கான வோல்ட்!)

இதைத்தான் அந்தக் கடைல 'போர்டு போச்சு'ன்னு முடிச்சாங்க. அரைமணி நேரம் உட்கார்ந்து சால்டர் வைக்கற கூலியை விட புது மானிட்டர் விக்கற லாபம் அதிகம், அதுவும் புரியுது. ஆனா சர்க்யூட் படமும் உதிரிபாகமும் தராத கம்பெனிகளை யார் கேக்கறது?

ஐரோப்பிய ஒன்றியத்துல கேட்டுட்டாங்க. 2021 மார்ச் முதல் அங்கே ஒரு விதி: மாடலோட கடைசி பீஸ் சந்தைக்கு வந்து 7 வருஷம் வரைக்கும், பவர் சப்ளை, 400 மைக்ரோஃபாரடுக்கு மேற்பட்ட கெபாசிட்டர் எல்லாம் ரிப்பேர் தொழில் செய்யறவங்களுக்குக் கிடைக்கணும். கெபாசிட்டர்னு பேர் சொல்லியே எழுதியிருக்காங்க!

நம்ம நாட்டுல 2022-ல 'பழுதுபார்க்கும் உரிமை'க்குன்னு ஒரு இணையதளம் திறந்தாங்க. நல்ல விஷயம்தான். ஆனா வெறும் இணையதளம் எந்தக் கம்பெனியையும் பாகம் கொடுன்னு கட்டாயப்படுத்தாது.

அது வரைக்கும் கடைல கேளுங்க: எந்த போர்டு, அதுல எந்தப் பாகம்? முழிச்சாங்கன்னா மானிட்டரைத் தூக்கிட்டு அடுத்த கடைக்குப் போங்க.