அப்பா பேரை முழுங்குற ஒற்றை வரி

மக்களே, இன்னிக்குப் பொட்டி தட்டுற நண்பர்களோட ஒரு சண்டை. நான் பி.காம். படிச்ச பேங்க் ஆளு, எனக்கெதுக்கு புரோகிராமிங்னு கேப்பீங்க. நீங்க ஊருக்கு அனுப்புற காசு அவங்க எழுதுற நிரல் வழியாத்தான் போகுது. அந்த உரிமைதான்.

சண்டை ஹாஸ்கெல் பத்தி. ஃபங்ஷனல் புரோகிராமிங் ரசிகர்கள் தலையில தூக்கி வச்சு ஆடுற மொழி. விளையாட்டுச் சாமான் இல்ல. ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி 'மூ'ன்னு அதுக்குச் சொந்தமா ஒரு வடிவமே வச்சிருக்கு. பெங்களூர் ஜஸ்பே பணப் பரிவர்த்தனை மென்பொருளை அதுல எழுதுது. "கம்பைல் ஆயிட்டா பாதித் தப்பு ஒழிஞ்சது"ன்னு சொல்வாங்க. ஒத்துக்கறேன். மீதிப் பாதிதான் நம்ம தலையில விடியுது.

சீரியலைசேஷன்னா என்ன? பாலராமபுரம் சாலியர் தெருவுல சொன்னா உடனே புரியும்: தறியைக் கழட்டி, மூட்டை கட்டி, வேற வீட்டுல மறுபடி மாட்டுறது. பேரு, கணக்கு எண், தொகை எல்லாத்தையும் வரிசையான எழுத்தாக்கி அனுப்பி, அந்தப் பக்கம் திரும்பக் கோக்கணும். ஜேசன் வடிவத்துக்கு ஹாஸ்கெல்ல பிரபலமான லைப்ரரி பேரு 'ஏசன்'. கிரேக்கப் புராணத்துல ஜேசனோட அப்பா பேரு அது. ஆக, லைப்ரரிக்கே அப்பா பேர் வச்சாச்சு :-) நம்ம அப்பா பேருக்குத்தான் அதுல இடம் இல்ல.

1956 நவம்பர் 1-ல கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டுப் பக்கம் போச்சு, நெய்யாற்றின்கரை கேரளத்துல நின்னுச்சு. பேரும் ரெண்டா பிரிஞ்சு கிடக்கு. பாறசாலைக்கு இந்தப் பக்கம் இனிஷியல் பின்னால, களியக்காவிளை தாண்டினா முன்னால. ஒரே வீட்டுல அண்ணன் 'என். முருகன்', இங்க படிச்ச தங்கச்சி 'வள்ளி என்.' யாருக்கும் 'லாஸ்ட் நேம்' கிடையாது.

ஏசன்ல 'டெரைவிங்'னு ஒரு வசதி. எந்தக் கட்டத்துல என்ன வரணும்னு ஒரு டைப் எழுதி, ஒற்றை வரி சேத்தா மூட்டை கட்டுறது, பிரிக்கிறது ரெண்டும் தானா வந்துடும். அந்த டைப்புல 'லாஸ்ட் நேம்' கட்டாயம்னு இருந்து, வர்ற செய்தியில அது இல்லைன்னா வாசிப்பு அங்கேயே தோல்வி. கவுன்டர்ல இருக்கிறவர் என்ன பண்ணுவார்? ஒரு புள்ளி வைப்பார், இல்ல பேரையே ரெண்டு தடவை அடிப்பார். முருகன் முருகன். டைப்புக்குப் பரம சந்தோஷம்!

இந்தியாவுக்குள்ள கணக்கு எண் சரியா இருந்தா போதும், காசு வரவாயிடும். ஆனா இப்போ அனுப்புறதுக்கு முன்னால பேரும் கண்ணுல படுது. ஆர்டிஜிஎஸ், நெஃப்டுல பெறுபவர் பேரைக் காட்டணும்னு ரிசர்வ் வங்கி 2024 டிசம்பர்ல சொல்லி, 2025 ஏப்ரல் 1 வரை கெடு குடுத்துச்சு. ஐரோப்பாவுல 2025 அக்டோபர்லேருந்து யூரோ அனுப்பவும் பேர்ச் சரிபார்ப்பு. 2022 நவம்பர்ல ஒத்தைப் பேர் பாஸ்போர்ட்டோட விசிட் விசாவுல வர்றவங்களை விட முடியாதுன்னு அமீரகம் அறிவிச்சப்போ எத்தனை வீட்டுல கலங்கினாங்க! பேரு இப்போ வாசல்ல நிக்குது.

பேரு மட்டுமா? கணக்கு எண்ணை நம்பர்னு அறிவிச்சா முன்னால இருக்கிற பூஜ்யம் காணாமப் போகும். அது எழுத்தாத்தான் இருக்கணும். தொகையை 'டபுள்'ல வச்சா 0.1-ம் 0.2-ம் கூட்டி 0.30000000000000004 வரும். எந்தக் கணக்குப்பிள்ளை ஒத்துக்குவார்? பைசாவுல முழு எண்ணா வை.

"லைப்ரரி தப்பில்ல, டைப் எழுதினவன் தப்பு, எங்க டெஸ்ட் எல்லாம் பாஸ்"னு பதில் வரும். என்ன டெஸ்ட்? தானே கட்டின மூட்டையைத் தானே பிரிச்சுப் பாக்குறது. தறி சரியாத்தான் இருக்கும். முதல்லயே ஒரு கட்டையை வைக்காம விட்டதை அந்த டெஸ்ட் எப்படிச் சொல்லும்? ஒரு வரியில வேலை முடியுதுன்னுதான் யாரும் உக்காந்து யோசிக்கிறதில்ல. அந்த வசதியைத்தான் திட்டுறேன்.

நான் கேக்குறது இவ்வளவுதான். வங்கியை விட்டு வெளிய போற செய்திக்கு டெரைவிங் வேண்டாம், கையால எழுதுங்க. அதைத் தனியா ஒரு சின்னப் பேக்கேஜா கட்டுங்க. அனுப்புறவங்களும் வாங்குறவங்களும் அதே பதிப்பை வச்சுக்கட்டும். 2021-ல ஏசன் 2.0 வந்தப்போ உள்கட்டமைப்பு மாறி, அதை நேரடியாத் தொட்ட நிரலையெல்லாம் திருத்த வேண்டி வந்துச்சு. தனிப் பேக்கேஜ்னா ஒரே இடத்துல திருத்தினா போதும். பேருக்கு ஒரே கட்டம்: பாஸ்புக்குல இருக்கிற முழுப் பேரு. டெஸ்டுல ஜான் ஸ்மித்தோட என். முருகனும் வள்ளி என்.-னும் உக்காரட்டும்.

டிஸ்கி: அவங்க திருந்துற வரைக்கும், ஊருக்குக் காசு அனுப்புறப்போ பாஸ்புக்குல இனிஷியல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே எழுதுங்க. அம்மாவுக்கு ஒரு போன் போட்டு எழுத்துக்கூட்டிக் கேட்டுட்டு அனுப்பினா இன்னும் நல்லது.