இசைந்து போகத் தெரியாதவர்களாம் நாம்!

தோட்டத்தை விட்டு வெளியே வந்த தமிழனைப் பற்றி ஒரு பழி மேடைக்கு மேடை பேசப்படுகிறது. புதிய இடத்துக்கு இசைந்து போக அவனுக்குத் தெரியவில்லையாம். அடுக்குமாடி வீட்டில் குடியேற்றினால் மாடிப்படியில் உட்கார்ந்து பழைய லயத்தை நினைத்துப் பெருமூச்சு விடுகிறானாம். மாட்டை விற்கச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக் கொள்கிறானாம். “காக்கையும் குருவியும் கூடப் புது இடத்தில் பழகிக் கொள்கின்றன, உங்கள் ஆட்களுக்கு மட்டும் ஏன் முடியவில்லை?” என்று நம்மிடமே கேட்கிறார்கள், நாற்காலியில் சாய்ந்தபடி.

காக்கையை இழுத்தவர்கள் அவர்கள். ஆகவே காக்கையிலிருந்தே தொடங்குவோம்.

இன்று ஜார்ஜ் டவுன் கடைத்தெருவில் குப்பைத் தொட்டியைக் கிளறிக் கொண்டிருக்கிறதே, கழுத்தில் சாம்பல் நிறம் பூசிய காக்கை, அதன் பாட்டன் பூட்டன் இந்த நாட்டுப் பறவை அல்ல. 1890களின் இறுதியையொட்டி, கிள்ளான் வட்டாரத்துக் காப்பித் தோட்டங்களில் புழு பெருகியபோது, அதைத் தின்பதற்காகத் துரைமார் இலங்கையிலிருந்து கப்பலேற்றிக் கொண்டு வந்த பறவை அது. ஆம், அதுவும் தோட்ட வேலைக்கு ஆள் பிடித்து வந்த கூட்டம்தான்! காப்பி வீழ்ந்தது, பால்மரம் எழுந்தது, காக்கைக்கு வேலை போயிற்று. அது யாரிடமும் மனுப் போடவில்லை. துறைமுகத்துக்குப் போயிற்று, பட்டணத்துக்குப் போயிற்று, மனிதன் எறிந்ததைத் தின்று பிழைத்துக் கொண்டது. இதைவிட நன்றாக இசைந்து போன பிராணி எது? அதற்குக் கிடைத்த பரிசு என்ன? கிள்ளான் உட்படப் பல ஊர்களில் நகராட்சியார் துப்பாக்கிக்காரர்களை அமர்த்திச் சுட்டுத் தள்ளினார்கள். கொண்டு வந்த நாளில் உதவியாள். வேலை தீர்ந்த பிறகு தொல்லை. (அமாவாசைக்கு ஒரு பிடி சோறு வைத்து அதை அழைப்பவர்கள் இந்த நாட்டில் நாம் மட்டும்தான் போலும்!)

இனி மரத்தைப் பார்ப்போம். நாம் கீறிக் கீறிப் பால் எடுத்த மரமும் வந்தேறிதான். 1876இல் ஹென்றி விக்காம் என்ற வெள்ளையர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். கியூ தோட்டத்தின் கண்ணாடிக் கொட்டகையில் சூடு மூட்டி விதைத்தார்கள். முளைத்தவை 3,000க்கும் குறைவு. அந்தக் கன்றுகளைக் கண்ணாடிப் பேழையில் வைத்து, குழந்தையைத் தொட்டிலில் கொண்டு வருவது போல் இலங்கைக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன; அவற்றில் சில கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. பிற்பாடு ரிட்லி என்பவர் பட்டை திரும்ப வளரும்படி மரத்தை எப்படிக் கீறலாம் என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்.

மரம் இங்கே செழித்ததன் இரகசியத்தையும் சொல்லி விடுகிறோம். அதன் பரம விரோதியான இலை நோய் பிரேசிலிலேயே நின்று விட்டது. பிறந்த மண்ணில் அதே மரத்தை வரிசை வரிசையாக நட்டவர்களின் கதி என்ன? மோட்டார் முதலாளி ஃபோர்டு 1928இல் அங்கே பெருந்தோட்டம் போட்டார். இலை நோய் விழுந்தது. 1945இல் கைகழுவி விட்டுப் போனார். ஆகவே பால்மரம் தன் சாமர்த்தியத்தால் இந்த மண்ணுக்கு இசைந்து போகவில்லை. பகைவன் இல்லாத இடமும், பேணிப் பார்க்கும் கையும், பொறுத்திருக்கும் பணமும் கிடைத்தன. இசைந்தது.

மனிதனுக்கு இவற்றில் எது கிடைத்தது?

தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு ஜில்லாக்களில் பஞ்சத்தில் காய்ந்தவனைக் கங்காணி கூட்டி வந்தான். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய அவன் பினாங்கில் இறங்கினான். நோய் இருக்கிறதா என்று பார்க்க, ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே ஜெரெஜாக் தீவில் அடைத்து வைத்தார்கள். அவனுக்குக் கண்ணாடிப் பேழையா கிடைத்தது? மேல்தளத்தில் மூட்டையோடு மூட்டையாகக் கிடந்து வந்தவன் அவன்.

பால்மரத்தின் பகைவன் கடலுக்கு அப்பால் நின்று விட்டான் என்றோம். தொழிலாளியின் பகைவனோ இங்கே காத்துக் கொண்டிருந்தான். இல்லை, இன்னும் சரியாகச் சொன்னால், தோட்டமே அவனை வளர்த்தது. மலைப்பாங்கான இடங்களில் மலேரியாவைப் பரப்பும் ஒரு கொசு வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் முட்டையிடுவது. காடு நின்ற வரையில் ஓடைக்கு நிழல் இருந்தது. பால்மரம் நடக் காட்டை வெட்டினார்கள், ஓடையில் வெயில் விழுந்தது, கொசு பெருகியது, ஓடைக் கரையில் லயம் கட்டிக் குடி வைக்கப்பட்டவன் குளிரில் நடுங்கிச் செத்தான். டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் கிள்ளான் பக்கம் சதுப்பு நீரை வடித்தும், பின்னர் மலை ஓடைகளில் எண்ணெய் தெளித்தும், இந்தச் சாவைத் தடுக்க முடியும் என்று காட்டினார். ஆனால் காசைக் கணக்குப் பார்த்த தோட்டங்களில் “சீதோஷ்ணம் ஒத்துக் கொள்ளவில்லை” என்று ஒரு வரி எழுதி ஏட்டை மூடினார்கள். ஒத்துக் கொள்ளாதது சீதோஷ்ணமா, செலவா?

பிழைத்துக் கிடந்தவர்களைப் பார்த்து, “தமிழன் எதையும் தாங்குவான்” என்று புகழ்ந்தார்கள். தாங்காதவர்கள் தோட்டத்துச் சுடுகாட்டில் இருந்தார்கள். அவர்கள் எப்படி மறுத்துப் பேசுவார்கள்?

அப்படியும் நாம் இந்த மண்ணில் வேர் விட்டோம். பால் வெட்டும் கூலி போதாமல், லயத்துக்குப் பின்னால் மாடு கட்டினோம். விடியலில் பெரட்டுக்குப் போகுமுன் சாணம் வாரினோம். பிற்பகலில் புல் அறுத்தோம். பாலைக் கிராணி வீட்டுக்கும் சந்தைக்கும் கொடுத்து பிள்ளைக்குப் பள்ளிச் செலவைச் சமாளித்தோம். ஒரு முருங்கை, நாலு வாழை, கோழிக் கூண்டு, ஒரு மாரியம்மன். புது இடத்துக்கு இசைந்து போவது என்பது இதுதான். இதை நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது பினாங்கில் நடந்ததைக் கேளுங்கள். குளுகோரில் பிரௌன் குடும்பத்தாரின் பழைய தோட்ட நிலத்தில் கம்போங் புவா பாலா என்று ஒரு தமிழர் குடியிருப்பு இருந்தது. ‘புவா பாலா’ என்றால் சாதிக்காய். அங்கே என்ன விளைந்தது என்பதைப் பெயரே சொல்லும். தோட்டத்தில் உழைத்தவர்களின் வழிவந்தவர்கள் அங்கே மாடும் ஆடும் வளர்த்தார்கள். பட்டணத்தார் வேடிக்கையாக, அமெரிக்க மாட்டுக்காரர்களின் தொலைக்காட்சித் தொடர்ப் பெயரை வைத்து ‘ஹை சாப்பரல்’ என்று அழைத்தார்கள். நிலம் கைமாறியது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 2009இல் வீடுகள் இடிக்கப்பட்டன.

அந்த வழக்கின் நியாய அநியாயத்தை இங்கே விரிக்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறோம். குடியிருந்தவர்களுக்கு இரண்டு மாடி வரிசை வீடு தருவதாகப் பேச்சு நடந்தது. நல்ல வீடுதான்; கல் வீடுதான். தொழுவம் எங்கே? மேய்ச்சல் எங்கே? மாட்டை மாடிப்படியில் ஏற்றுவதா? மனிதனுக்குக் கூரை கொடுத்தோம் என்று கணக்கு முடித்தவர்கள், அவன் சோற்றுக்கு வழி செய்த பிராணியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பிறகு, “மாட்டை விட மனமில்லை” என்று அவனையே குறை சொல்கிறார்கள்!

அக்கரையிலும் இதே கதைதான். கரும்புக் காலத்திலிருந்து தோட்டமாக இருந்த பத்து காவானில் இன்று தொழிற்சாலைகள். 2014இல் திறந்த இரண்டாம் பாலம் அங்கேதான் கரையேறுகிறது. பாலம் வேண்டாம் என்றோ, தொழிற்சாலை வேண்டாம் என்றோ நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகளும் அங்கே வேலை செய்கிறார்கள். ஆனால் தோட்டம் மூடும்போது தொழிலாளிக்குக் கிடைப்பது என்ன? 1980ஆம் ஆண்டு விதிப்படி, ஐந்து வருடத்துக்கு மேல் உழைத்தவனுக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். முப்பது வருடம் பால் வெட்டியவனுக்கு 600 நாள் கூலி, அதாவது இரண்டு வருடச் சம்பளத்துக்கும் குறைவு. வேலையோடு வந்த வீடு வேலையோடு போய் விடும். பால்மரக் கன்றுக்காக எத்தனை வருடம் பொறுத்தார்கள்! ஐம்பது வயதுக்காரன் புது வாழ்க்கை பழக 600 நாள் போதும் என்கிறார்கள்.

இன்று தோட்டங்களில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். “எதையும் தாங்குவார்கள்” என்ற அதே பழைய புகழ்ச்சி இப்போது அவர்கள் தலைமீது ஏறியிருக்கிறது. நம் லயத்துக்காரர்களில் சிலரும் அதைத் திருப்பிச் சொல்வதைக் கேட்டு வெட்கப்பட்டோம். நம் தாத்தாவைச் சொன்ன சொல் அல்லவா அது?

இனி வேலைக்கு வருவோம். தோட்டம் விற்கப்படுகிறது என்ற பேச்சு காதில் விழுந்தால் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தனியாக எவரும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். லயம் லயமாகப் பட்டியல் எழுதுங்கள். எத்தனை தலை, எத்தனை மாடு, எத்தனை ஆடு, கோயில் எங்கே, பள்ளி எவ்வளவு தூரம், நட்ட மரம் எத்தனை, யார் எத்தனை வருடம் உழைத்தார் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். புதிதாக வந்த வெளிநாட்டுத் தொழிலாளியின் பெயரையும் விடாதீர்கள். பட்டியலைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். நிர்வாகத்தோடு பேச உட்காரும் அன்று, நாற்காலியை இழுத்துப் போடுமுன் அந்தக் காகிதத்தை மேசைமேல் வைப்போம்.