சுருள் நிற்காது, தாய்மாரே!

தோட்டத்துப் பிள்ளைகள் பாலம் கடந்து சிங்கப்பூரில் லோரி ஓட்டுகிறார்கள். ஞாயிறன்று சிராங்கூன் சாலையில் சந்தித்தால் சம்பளத்தைக் கேட்கிறோம். என்ன பாரம் ஏற்றுகிறாய் என்று கேட்பதில்லை. ஜூரோங் பக்கம் இரும்பு ஏற்றுகிறவன் என்றால் அதையும் கேளுங்கள்.

தகட்டுச் சுருள் ஒன்று 20 டன்கூட இருக்கும். பாய் சுருட்டியதுபோல் உருண்டை. பிரேக் போட்டால் வண்டி நிற்கும், சுருள் நிற்காது. முன்னே இருப்பதோ உங்கள் மகன் உட்காரும் அறை! கனமான சாமான் அசையாது என்று நினைப்பதுதான் தப்பு. கனம் கூடினால் தள்ளும் விசையும் கூடுகிறது. ஐரோப்பிய விதிப்படி, எடையில் 80 விழுக்காடு முன்னோக்கித் தள்ளினாலும் கட்டும் முட்டும் தாங்க வேண்டும். அதாவது 16 டன்.

ஆகவே தொட்டில் போன்ற சட்டத்தில் உட்கார வைத்து, அடியில் ரப்பர் விரிப்புப் போட்டு (நம் தோட்டத்துப் பாலாகவும் இருக்கலாம்!), நடுத்துளை வழியே சங்கிலி கட்டுகிறார்கள். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும்.

சிங்கப்பூரில் 2006-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளி, தொழிலாளி இருவருக்கும் கடமை விதிக்கிறது. "நேரமாச்சு, இருக்கிற சங்கிலி போதும்" என்று மேலாள் அவசரப்படுத்தினால், "இன்னொன்று போட்டுவிட்டுக் கிளம்புறேங்க" என்று அவன் சொல்லலாம். சொல்கிறானா என்று அடுத்த ஞாயிறு கேளுங்கள்.