பார்த்த படத்துக்கும் கணக்கு வேண்டும்

சென்ற கிழமை முருங்கனில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்த பழைய பத்திரிகை நண்பர் ஒருவர், மேசையில் விரித்துக் கிடந்த கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அக்கிழமை நான் பார்த்த படங்கள் நான்கு. அவற்றுள் இரண்டு புதியவை. ஒன்று மூன்றாம் தடவை. மற்றொன்று பதினோராம் தடவை. திகதி, படத்தின் பெயர், பார்த்த இடம், எவ்வகைப் பிரதி, எத்தனையாம் தடவை, உடனிருந்தவர், ஒருவரிக் குறிப்பு என ஏழு நிரல்கள். "செத்தவர்களுக்கே இந்த மண்ணில் ஒழுங்கான கணக்கில்லை, உமக்குப் படக் கணக்கு ஒரு கேடா?" என்றார் நண்பர். தேநீர் கொண்டுவந்த பேரனும் தன் பங்குக்கு, "அம்மப்பா, இதையெல்லாம் போனே எழுதி வைக்குமே" என்றான்.

அன்று இருவருக்கும் நான் பதில் சொல்லவில்லை. விருந்தினரோடு வாதிடுவது அழகன்று. பேரனோடு வாதிட்டு வென்றவர் எவருமில்லை. ஆனால் இருவர் சொன்னதும் பிழை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நண்பருக்கு. படம் பார்ப்பது வீண்பொழுது, வீண்பொழுதுக்குக் கணக்கு எழுதுவது அதனினும் வீண் என்பது அவர் கட்சி. நம்மிடையே படித்தவர்கள் பலருக்கும் இதே எண்ணம்தான். கோயில் வரலாறு எழுதுவார்கள், குளத்தின் வரலாறு எழுதுவார்கள், போரின் வரலாற்றை நாள் தவறாமல் எழுதுவார்கள். கட்டுக்கரைக்குளத்து நீரில் வயல் செய்த இந்த மக்கள் அறுவடை முடிந்த இரவுகளில் எதைப் பார்த்து அழுதார்கள், எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று கேட்டால் மட்டும் அது வரலாறன்று என்று விடுவார்கள்.

நமது மன்னார் மண்ணில் இந்த அலட்சியம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாதோட்டத்து நாட்டுக்கூத்துகள் இன்று நமக்குப் பெருமை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவற்றுட் சிலவற்றைப் பதிப்பித்து அச்சேற்றினார். அச்சேற்றுவதற்குக் கையில் ஒன்று இருந்ததனால்தான் அச்சேற்ற முடிந்தது. கறையான் அரிக்க அரிக்க, அண்ணாவிமார் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தார்கள். அக்காலத்திலும் அருகிலிருந்தவர் யாராவது, "கூத்தாடிக்கு எழுத்து எதற்கு?" என்று கேட்டிருப்பார். அண்ணாவியார் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிராமல் எழுதியதால் நாம் பிழைத்தோம்.

சினிமாவில் அந்த அண்ணாவியார் இல்லாமற்போனதன் விளைவைப் பாருங்கள். 1962இல் 'சமுதாயம்', 1963இல் 'தோட்டக்காரி' என்று தொடங்கி, 1977இல் தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி', 1978இல் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து உருவான 'வாடைக்காற்று' என்று இலங்கைத் தமிழர் அக்காலத்தில் எடுத்த படங்கள் மிகச் சிலவே. அந்தச் சிறு தொகையில் எத்தனை படங்களை இன்று நாம் முழுதாகப் பார்க்க முடியும்? 1983 ஜூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் எரிக்கப்பட்டது. அதே நாட்களில் இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். படச்சுருள் எரிந்த பின் எஞ்சுவது பார்த்தவன் எழுதி வைத்த எழுத்து ஒன்றுதான். அதையும் நாம் எழுதவில்லை. தம்பிஐயா தேவதாஸ் என்ற ஒருவர் தேடித் திரட்டி 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை'யை எழுதியிராவிட்டால், அப்படங்களிற் பலவற்றின் பெயரும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

கடலுக்கு அப்பாலும் கதை இதுதான். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. அதன் பிரதி இன்று இல்லை. தமிழகத்துப் படங்கள் பற்றி ஏதாவது உறுதியாகச் சொல்ல முடிகிறதென்றால், அதற்குப் பெருங்காரணம் பிலிம் நியூஸ் ஆனந்தன் என்ற தனிமனிதர். எந்தப் படம், எந்த நாள், யார் யார் என்று வாழ்நாள் முழுதும் குறித்துக்கொண்டே இருந்தார். 2016 மார்ச்சில் அவர் மறைந்தார். அதே மாதத் தொடக்கத்தில் மறைந்த பி.கே. நாயர், 1964இல் புனேயில் தொடங்கப்பட்ட இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தைக் கட்டியெழுப்பியவர். சிறுவயதில் பார்த்த படங்களின் நுழைவுச்சீட்டுகளைச் சேர்த்துவைத்த பையனாகத் தொடங்கியவர். அரசாங்கத்துக்கு ஆவணக்காப்பகம் என்ற எண்ணம் வருவதற்கு முன், யாரோ ஒரு பையன் கிழிந்த சீட்டை எறிய மனமின்றிச் சட்டைப்பையில் போட்டிருக்கிறான். ஒழுங்கு அதுதான்.

இனிப் பேரனுக்கு. போன் எழுதி வைக்கும் என்கிறாய். உண்மை. ஆனால் அது எழுதுவது நிறுவனத்தின் கணக்கை, உன் கணக்கையன்று. எந்த நிமிடத்தில் நிறுத்தினாய் என்பது அதற்குத் தெரியும்; ஏன் நிறுத்தினாய் என்பது தெரியாது. பாட்டி இருமியதனால் நிறுத்தினாயா, கதை கசந்ததனால் நிறுத்தினாயா? பக்கத்தில் யார் இருந்தார்கள்? நீ தூங்கிவிட, படம் தானே ஓடி முடிந்தாலும் 'பார்த்தாயிற்று' என்றே அது பதியும். சந்தாவை நிறுத்தினால், கடவுச்சொல்லை மறந்தால், அந்தக் கணக்கைத் திறக்கும் உரிமையும் உனக்கில்லை.

அதனினும் பெரிய ஆபத்து ஒன்று அண்மையில் வந்திருக்கிறது. 2013இல் வந்த 'ராஞ்ஜனா' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி'யை 2025 ஆகஸ்டில் மீண்டும் திரையிட்டபோது, உரிமை வைத்திருந்த நிறுவனம் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிவையே மாற்றியது. சாக வேண்டிய நாயகன் பிழைத்துக்கொண்டான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். படம் மாறிவிட்டது. இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து, "நான் பார்த்த படத்தில் அவன் செத்தான்" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு மறதி நோய் என்று சொல்லிவிடுவார்கள். 'எவ்வகைப் பிரதி' என்றொரு நிரல் என் கொப்பியில் இருப்பது இதற்காகத்தான்.

நட்சத்திரக் குறி போட்டுப் படக் குறிப்பு எழுதும் தளங்களையும் நான் பழிக்கவில்லை. நியூசிலாந்தில் 2011இல் தொடங்கிய 'லெட்டர்பாக்ஸ்ட்' இளையவர்களை எழுத வைத்திருக்கிறது. எழுதாமல் இருப்பதைவிட அது நன்று. ஆனால் 'இந்த வருடம் நான் முந்நூறு படம்' என்று மார்தட்டுவதற்கு எழுதப்படும் கணக்கு, மொய்ப்பணத்தை ஒலிபெருக்கியில் வாசிப்பது போன்றது. அங்கே படம் எண்ணிக்கையாகிவிடுகிறது. எண்ணிக்கையில் இறங்கியவன் பார்த்த படத்தைத் திரும்பப் பார்க்கமாட்டான். அதனால் தொகை கூடாதல்லவா?

என் கொப்பியின் உயிர் திரும்பப் பார்ப்பதில்தான் இருக்கிறது. இது நான் தெரிந்தெடுத்த கொள்கையன்று, காலம் தந்தது. 1970இல் வந்த அரசாங்கம் இறக்குமதிகளை இறுக்கியது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்து, படங்களின் இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குப் போயின. புதுப்படங்கள் அருகின, பழைய படங்கள் திரும்பத் திரும்ப வந்தன. 1973இல், பள்ளி மாணவனாக, முதற் கொப்பியைத் தொடங்கினேன். முருங்கனில் புகையிரதம் ஏறி மன்னாருக்குப் போய் ஒரே படத்தை நாலு தடவை கலரியிலிருந்து பார்த்திருக்கிறேன். நாலும் நாலு படம். ஒரு தடவை பாட்டொன்றைக் காணோம். மறு தடவை சண்டைக் காட்சியில் பாதியைக் காணோம். சுருள் தேய்ந்துகொண்டே வந்தது. நாங்கள் வளர்ந்துகொண்டே வந்தோம். பிறகு, கடல் கடந்து வரும் தூரதர்ஷன் அலையைப் பிடிக்க உயரக் கம்பத்தில் அன்ரனா கட்டி, ஞாயிறு மாலைப் படத்தை மழை பெய்வது போன்ற திரையில் பார்த்தோம். பிறகு வீடியோ டெக். பிறகு இறுவட்டு. இப்போது கைத்தொலைபேசி. ஒரே படத்தை இத்தனை வடிவிலும் பார்த்தவன், ஒவ்வொரு தடவைக்கும் தனி வரி எழுதாவிட்டால் தன் வாழ்க்கையையே ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வான்.

இதுவரை சொன்னது வாதம். இனிச் சொல்லப்போவது வாக்குமூலம்.

எழுபதுகளில் என் கொப்பியின் 'உடனிருந்தவர்' நிரலில் மூன்று வரிக்கு ஒரு வரி ஒரே முதலெழுத்துத்தான் இருக்கும். அவர் எருக்கலம்பிட்டிக்காரர், என் பள்ளித் தோழர். நான் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வருவேன். அவர் துவிச்சக்கர வண்டியில் வருவார். சீட்டுக்கான காசு எவனிடம் இருக்கிறதோ அவன் கொடுப்பான். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்தவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். அவரும் போனார்.

அந்த நாட்களில் நான் ஊரில் இருக்கவில்லை, செய்தி பிந்தித்தான் தெரியும், தெரிந்திருந்தால் கரைவரையாவது போயிருப்பேன் என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வந்தேன். பொய் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. அவ்வளவு உண்மையாக அதை நம்பினேன். போர் முடிந்தபின் ஒருநாள் பழைய கொப்பிகளை வெயிலில் காயவைத்துப் புரட்டினேன். 1990 அக்டோபர், கடைசிக் கிழமை. இடம்: முருங்கன், அயல்வீட்டு முற்றம். பிரதி: வீடியோ, மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேற்றர். படம்: 'சம்சாரம் அது மின்சாரம்', இரண்டாம் தடவை. குறிப்பு: 'எல்லாரும் நன்றாகச் சிரித்தோம்.'

கையெழுத்து என்னுடையது. நான் ஊரில் இருந்திருக்கிறேன். சிரித்திருக்கிறேன்.

நாற்பது ஆண்டுகள் செய்தித்தாளில் இருந்தவன் நான். மற்றவர்களின் ஞாபகத்தை நம்பாதே, ஆவணத்தைக் கேள் என்று இளம் நிருபர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். என் ஞாபகத்தை மட்டும் ஒருநாளும் விசாரித்ததில்லை. விசாரித்தது ஒரு படக் கணக்குக் கொப்பி. நாட்குறிப்பு எழுதியிருந்தால் அந்த நாளைத் தவிர்த்திருப்பேன். அல்லது எனக்குச் சாதகமாக எழுதியிருப்பேன். படக் கணக்கை யாரும் ஏமாற்றுவதற்காக எழுதுவதில்லை. அதனால்தான் அது சாட்சி சொல்கிறது. "செத்தவர்களுக்கே கணக்கில்லை" என்றாரே நண்பர், அவருக்கான என் பதில் இதுதான். பெரிய கணக்குகளை எழுதவிடாமல் தடுக்க ஆட்கள் இருந்தார்கள். இந்தச் சின்னக் கணக்கைப் பொருட்டாக எண்ணாததால் ஒருவரும் தடுக்கவில்லை. பெரிய கணக்கு காணாமற்போன இடத்தில் சின்னக் கணக்கு அகப்படுகிறது.

1984 முதல் 1987 வரையிலான கொப்பி ஓர் இடப்பெயர்வில் போய்விட்டது. அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றி நான் என்ன சொன்னாலும் வாசகர்கள் பாதிதான் நம்ப வேண்டும். நானும் பாதிதான் நம்புகிறேன்.

ஆகவே எழுதுங்கள். நல்ல படம் மட்டுமன்று, வெட்கப்படும் படத்தையும் எழுதுங்கள். யாரோடு பார்த்தீர்கள் என்பதை நட்சத்திரக் குறிக்கு முன்னால் எழுதுங்கள். திரும்பப் பார்த்தால் புதிய வரி போடுங்கள். பழைய வரியைத் திருத்தாதீர்கள். போனில் எழுதினாலும் ஆண்டுக்கொரு தடவை தாளில் இறக்கி வையுங்கள். வீட்டில் மூத்தவர்களின் கொப்பி, படத் துண்டுப்பிரசுரம், கிழிந்த நுழைவுச்சீட்டு ஏதும் இருந்தால் பழைய கடதாசிக்காரனிடம் போடாதீர்கள். 2005 முதல் நம் நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் எண்ணிம வடிவில் காத்துவரும் நூலக நிறுவனம் போன்றவை இருக்கின்றன. நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நாம்தான் கேட்க வேண்டும்.

எருக்கலம்பிட்டி நண்பர் இப்போது புத்தளத்தில். 2015இல் தலைமன்னார் வரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியபின் ஒரு பெருநாளுக்கு ஊருக்கு வந்தவர், முருங்கனில் இறங்கி என் வீட்டுக்கும் வந்தார். அந்தப் பக்கத்தை எடுத்து அவர் முன் வைத்தேன். மன்னிப்புக் கேட்கச் சொற்களைத் தயாராக வைத்திருந்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். "நல்ல படம்தான் மச்சான்" என்றார். சிறிது நேரம் கழித்து, "அண்டைக்கு இரவு எங்களுக்குக் கடல்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் தயாராக வைத்திருந்த சொற்களைச் சொல்லவில்லை.

அன்றிரவு அந்தப் படத்தையே இருவரும் பார்த்தோம். கொப்பியில் எழுதினேன்: முருங்கன், வீடு. மூன்றாம் தடவை. உடனிருந்தவர் நிரலில் அந்தப் பழைய முதலெழுத்து. குறிப்பு நிரலை மட்டும் அவரிடம் கொடுத்தேன். அவர் எதுவும் எழுதாமல் கையெழுத்து வைத்தார்.